மீன் ஏறும் திசையில்

ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் மலையில் ஊற்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி வருவார்கள். பவானியை நான் கீழிருந்து மேலே பார்க்க விரும்பினேன். காவிரியில் அது கலக்கும் கூடுதுறையில் தொடங்கி, காளிங்கராயன் அணைக்கட்டு, கொடிவேரி, பவானிசாகர், சிறுமுகை, மேட்டுப்பாளையம், பில்லூர், குந்தா என்று ஏறி அவலாஞ்சியில் முடியும் வழி. காவிரியிலிருந்து பவானிக்குள் நுழையும் ஒரு மீன் மலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் இதுதான் வழி.

ஸ்காட்லாந்தின் டே ஆற்றைப் பற்றிப் படித்தபோதுதான் இப்படிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆற்றின் கூழாங்கல் படுகையில் பிறக்கும் சால்மன் குஞ்சு சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய்விடுகிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் தின்று கொழுத்து, பிறந்த ஆற்று நீரின் மணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. உடம்பில் சேர்த்த கொழுப்பையே எரித்துக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, மேலே கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிடுகிறது. கடல் ட்ரவுட்டின் கதை இன்னும் வியப்பானது. அது பழுப்பு ட்ரவுட்டிலிருந்து வேறான இனமே இல்லை. ஒரே ஆற்றில் பிறந்த மீன்களில் சில அங்கேயே தங்கிவிடும், சில கடலுக்குப் போய் வெள்ளி நிறத்தோடு திரும்பும்.

பட்டினியோடு ஏறும் சால்மனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி? அங்கே முள்ளில் புழுவைக் கோர்ப்பதைவிட, இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலக் கட்டிய முள்ளை வீசுவதே பெரிய கலை. பசியில்லாத மீன் அதை ஏன் கவ்வுகிறது என்பதற்கு எரிச்சல், பழக்கம், பழைய நினைவு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். 1922 அக்டோபர் 7 அன்று ஜார்ஜினா பேலன்டைன் என்ற பெண் டே ஆற்றில் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான் இன்றுவரை பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட பெரிய சால்மன். அந்தச் சாதனையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது டே ஆற்றில் கலக்கும் டம்மல் ஆற்றின் பிட்லாக்ரி அணை. 1950-ஐ ஒட்டி மின்சாரத்துக்காகக் கட்டிய அந்த அணையின் ஓரத்தில் மீனுக்கென்று ஓர் ஏணி வைத்திருக்கிறார்கள். 34 தொட்டிகள், ஒன்றைவிட ஒன்று சற்றே உயரத்தில். மொத்த நீளம் 310 மீட்டர். தொட்டிக்குத் தொட்டி ஏறி மீன் அணையைக் கடந்துவிடும். கடக்கும் மீன்களை எண்ணவும் செய்கிறார்கள்.

டே ஆற்றில் கலக்கும் டம்மல் போலத்தான் காவிரியில் கலக்கும் பவானியும். நம் கிளையாற்றில் மீனுக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்க்கத்தான் கூடுதுறைக்குப் போனேன்.

சங்கமேஸ்வரர் கோயில் படித்துறையில் காலை வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். திதி கொடுக்க வந்தவர்கள், குளித்துக் கரையேறியவர்கள், ஈரப் பாவாடையோடு நிற்கும் குழந்தைகள். பொரியை அள்ளி வீசினால் நீர்ப்பரப்பு கொதிக்கிற மாதிரி வாய்கள் மேலே வருகின்றன. கெண்டைகளும் ஜிலேபியும். ஜிலேபிக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-இல் இலங்கை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று நம் குளம், குட்டை, ஆறு எதிலும் அது இல்லாத இடமில்லை. பசுமை கலந்த காவிரி நீரும் பவானி நீரும் தோளோடு தோள் உரசிக் கொஞ்ச தூரம் போய்க் கலக்கின்றன. மழைக்காலத்தில் இரண்டின் நிறமும் தனித்தனியாகத் தெரியும்.

காவிரியின் கீழ்ப்பகுதிக்கும் கடலுக்கும் நடுவே சால்மனைப் போலவே பயணம் செய்த மீன் ஒன்று நமக்கும் இருந்தது. உல்லம் என்பார்கள், வங்காளிகளின் ஹில்சா. கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும்போது முட்டையிட ஆற்றில் ஏறும் மீன் அது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய அணைகள் அதன் வழியை முதலில் மறித்தன. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் போக்கே மாறியது. கொள்ளிடத்தின் உல்லம் மீன்பிடிப்பும் அதோடு சரிந்தது. தடுப்பணைகள் மீனின் வழியை அடைக்கின்றன என்று 1873-லேயே அரசுக்கு அறிக்கை எழுதியவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர். அவருடைய பெயர் அவலாஞ்சியில் மறுபடியும் வரும்.

கூடுதுறைக்குச் சற்று மேலே காளிங்கராயன் அணைக்கட்டு. 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் பவானியின் குறுக்கே கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, ஈரோடு வழியே நொய்யலுக்கு அருகே வரை நீரைக் கொண்டுபோனார். அந்த வாய்க்காலின் வளைவுகளில் மஞ்சளும் கரும்பும் வாழையும் இன்றும் நிற்கின்றன. இதே அணைக்கட்டுக்குக் கீழிருந்துதான் அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்கும் நீர் எடுக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் திறந்த திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். 6 நீரேற்று நிலையங்கள் 1,045 குளம் குட்டைகளுக்கு உபரிநீர் 1.5 டி.எம்.சி.யை மேட்டுக்கு ஏற்றுகின்றன. ஐம்பது அறுபது ஆண்டுக் கோரிக்கை அது. அவினாசிப் பக்கம் வறண்ட குளத்தில் தண்ணீர் வந்த நாளில் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தவன் நான்; அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆற்று நீரையே மேட்டுக்கு ஏற்றத் தெரிந்த பொறியாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பத்தடிச் சுவரைத் தாண்டி ஒரு மீனை ஏற்றுவது அவர்களால் முடியாத காரியமா? இதுவரை அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் கொடிவேரி. கொங்காள்வான் 1125-இல் கட்டியதாகச் சொல்லப்படும் அணை. கல்லோடு கல்லை இரும்புக் கம்பியால் பிணைத்து ஈயம் காய்ச்சி ஊற்றினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. ஒரு பக்கம் தடப்பள்ளி வாய்க்கால், மறுபக்கம் அரக்கன்கோட்டை வாய்க்கால். நடுவே சுவரைத் தாண்டி அகலமாக வழியும் வெள்ளைத் தண்ணீருக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் கிடைக்காது.

குளித்து வருபவர்களின் பசிக்கு மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரிய இரும்புக் கல்லில் எண்ணெய் மிதக்க, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சை பிசைந்து தடவிய மீனை வயிற்றுப்பக்கம் கீழே படும்படி கிடத்துகிறார் ஓர் அக்கா. சிவப்பு கறுக்கும் நேரத்தில் தோசைத் திருப்பியால் புரட்டி, கறிவேப்பிலையை உருவி மேலே போடுகிறார். வெங்காயம் தூவிய இலைத்துண்டில் அது வரும்போது முள்ளைக் கவனிக்காமல் வாயில் போடத் தோன்றும். என்ன மீன் என்றேன்.

“கட்லா இருக்குதுங்க, ரோகு இருக்குதுங்க, ஜிலேபி இருக்குதுங்க. எல்லாம் டேம் மீனுங்க.”

“ஆத்து மீன் இல்லீங்களா?”

“இருந்தா உங்களுக்குத் தராம யாருக்குங்க தரப்போறோம்?”

பரிசல் ஓட்டும் பெரியவர் அருகில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: “ஆள் ஒசர மீனெல்லாம் எங்க அப்பாரு காலத்தோட சரிங்க தம்பி. வெலாங்கு மட்டும், மழ பேஞ்சு புதுத்தண்ணி வந்தா, எப்பவாச்சும் ஒண்ணு மாட்டுமுங்க.”

விலாங்கு என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று ஆட்களைத் திட்ட மட்டும் நாம் வைத்திருக்கும் மீன், சால்மனின் பயணத்தைத் தலைகீழாகச் செய்வது. கடலில் பிறக்கிறது. கண்ணாடி போன்ற குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, ஆற்றில் ஏறி, நன்னீரில் பல ஆண்டு வாழ்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போய்விடுகிறது. பவானியில் மாட்டும் ஒரு விலாங்கு அத்தனை அணைகளுக்கும் கதவணைகளுக்கும் தப்பி வந்தது என்றால், பூம்புகார்ப் பக்கத்துக் கடலுக்கும் கொடிவேரிக்கும் நடுவே இன்னும் ஏதோ ஒரு நூலிழை அறுபடாமல் இருக்கிறது.

பழைய அணைகள் மீனுக்கு அவ்வளவு கொடுமை செய்யவில்லை என்றே நினைக்கிறேன். உயரம் குறைந்த கற்சுவர்கள் அவை. வெள்ளக் காலத்தில் ஆறு அவற்றை மூழ்கடித்து ஓடும். மீன் மேலே ஏறும் பருவமும் அதுதான். விலாங்குக் குஞ்சு ஈரமான சொரசொரப்பான கல்லில் ஒட்டி ஊர்ந்தே ஏறிவிடும். ஐரோப்பாவில் அணையின் ஓரத்தில் சாய்தளம் அமைத்து, அதில் தூரிகை மயிர் போன்ற பரப்பைப் பதித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் வழியவிட்டு விலாங்குக்கு வழி செய்கிறார்கள். சால்மன் ஏணியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தால் நமக்கு உதவாது. சால்மன் தாவும், நம் கெண்டைகள் அப்படித் தாவுவதில்லை. நம் மீனுக்கு ஏற்ற சரிவும் நீரின் வேகமும் வேண்டும். காளிங்கராயனிலும் கொடிவேரியிலும் மராமத்து வேலை நடக்கத்தான் செய்கிறது. அந்த மதிப்பீட்டில் மீனுக்கான சாய்தளம் ஒன்றையும் நீர்வளத்துறை சேர்க்க வேண்டும். கொங்கு விவசாயச் சங்கங்கள் கேட்டால் நடக்கும். தண்ணீர் கேட்டு வாங்கத் தெரிந்த சங்கங்கள் அவை.

பவானிசாகரில் அந்தப் பேச்சு நின்றுவிடும். 1955-இல் முடிந்த மண் அணை. 105 அடி ஆழம், எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரை நனைக்கிறது. டணாயக்கன்கோட்டை இந்த நீருக்குள்தான் இருக்கிறது; தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். அணையில் பரிசல்காரர்கள் மாலையில் வலை விரித்துவிட்டு விடியலில் எடுக்கிறார்கள். வலையில் வருவதில் பெரும்பகுதி, பண்ணையில் பொரித்து அணையில் விட்ட குஞ்சுகள் வளர்ந்த மீன். அணைக்குக் கீழேயே அரசு மீன் பண்ணை இருக்கிறது. ஏழைக்கு மலிவாகப் புரதம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இதைப் பார்த்துப் பார்த்து, ஆற்றில் மீன் குறைந்தால் குஞ்சு வாங்கி விட்டால் போதும் என்று நாம் பழகிவிட்டோம். ஆற்றுக்கு மீன் விடுவது ஒன்று. மீனுக்கு ஆறு விடுவது வேறொன்று. இதை நான் சும்மா சொல்லவில்லை. இதே நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் மாயாறு இதற்குச் சாட்சி.

மாயாறு முதுமலையிலிருந்து ஆழமான பள்ளத்தாக்கு வழியே தெங்குமரஹாடாவைத் தொட்டுக்கொண்டு வருகிறது. இரு கரையும் புலிகள் காப்பகம். அனுமதியின்றி யாரும் இறங்க முடியாது, மீன்பிடிக்கக் கூடாது. அந்த ஆற்றில் காவிரியின் கூன்முதுகு மஹசீர் இன்னும் இருக்கிறது. மஹசீர் கெண்டைக் குடும்பத்துப் பெரிய மீன். செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வாயோரம் மீசை, வால் அடித்தால் பரிசலே ஆடும். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் எழுதிய தூண்டில் நூலில், எடைக்கு எடை பார்த்தால் சால்மனைவிட மஹசீரே நன்றாகப் போராடும் என்று வாதாடியிருக்கிறார். 1946-இல் மைசூரின் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. பேலன்டைனின் சால்மனைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. காவிரியில் இதற்குக் கவர்ச்சியான இரை, கெட்டியாகப் பிசைந்து வேகவைத்த ராகி உருண்டை. நம் வீட்டுக் களியேதான்.

1970-கள் முதல் மஹசீரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் லோனாவாலாவில் குஞ்சு பொரித்துப் பல ஆறுகளுக்கும் கொடுத்தார்கள். அவை நீலத் துடுப்பு மஹசீரின் குஞ்சுகள், காவிரியிலும் விட்டார்கள். அவை பல்கிப் பெருகின, உள்ளூர்க் கூன்முதுகு மஹசீர் சத்தமின்றி அருகிப்போனது. இது வெளியே தெரிந்தது எப்படி என்றால், கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஒவ்வொரு மீனையும் குறித்துவைத்த ஏடுகள் வழியாக. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஆற்றுத்துண்டுக்கும் இப்படி ஏடு உண்டு. பிடித்தவர் பிடித்ததை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடக் கூடாது, ஆண்டில் குறிப்பிட்ட காலம் தடை, பெரும்பாலும் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவது என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2023-இல் பிரிட்டனின் சால்மனை அழியும் நிலையில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அறிவித்துவிட்டது. கடல் சூடாகிறது, ஆறு சூடாகிறது. ஆனால் அவர்களுடைய மீன் எவ்வளவு குறைந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பவானியில் மீனை நாம் கிலோவில் நிறுத்திருக்கிறோம், எண்ணியதில்லை.

கூன்முதுகு மஹசீருக்கு விஞ்ஞானப் பெயரே நெடுங்காலம் சரியாக இல்லாமல் இருந்தது. 2018-இல் ஓர் ஆய்வுக் குழு மாயாற்று மீனை ஆராய்ந்து, அது முன்பே சிறு மீன்களை வைத்துப் பெயரிடப்பட்ட டோர் ரெமாதேவிதான் என்று நிறுவியது. குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் ஒருவர். மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயர் அந்த மீனுக்கு. அதே ஆண்டு ஐ.யு.சி.என். பட்டியலில் அது மிக அருகிவிட்ட இனமாகச் சேர்ந்தது. மீனுக்குப் பெயர் கிடைத்ததும் அது போய்க்கொண்டிருக்கிறது என்ற செய்தியும் ஒரே ஆண்டில் வந்தன.

சிறுமுகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அங்கிருந்த செயற்கை இழை ஆலையின் கழிவால் மீன்கள் செத்து மிதந்ததை ஊர் மறக்கவில்லை. போராட்டமும் வழக்கும் நடந்து ஆலை மூடியது. ஆறு கொஞ்சம் மூச்சு வாங்கியது. மேட்டுப்பாளையத்தில் கல்லாறு வந்து சேர்கிறது. அதற்கு மேலே பில்லூர். கோவையில் குழாயைத் திறப்பவர்களில் பலர் பில்லூர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கெத்தை, குந்தா வழியே சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. கனடாவின் உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தில் நீர் பெரும்பாலும் மலைக்குள் சுரங்கத்தில் ஓடி, மின்நிலையத்தில் விழுந்து, அடுத்த சுரங்கத்துக்குள் போகிறது. சில வளைவுகளில் கீழே எட்டிப் பார்த்தால் பாறைகள் வெயிலில் காய்கின்றன.

அவலாஞ்சியில் காற்றே வேறு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம் இது. சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் சரிவில், ஓடையை ஒட்டி மீன்வளத்துறையின் ட்ரவுட் பண்ணை. 1860-களில் பிரான்சிஸ் டே பிரிட்டனிலிருந்து கப்பலில் ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். பயணத்தை முட்டைகள் தாங்கவில்லை. பிறகும் பலர் முயன்றார்கள். 1907-ஐ ஒட்டி எச்.சி. வில்சன்தான் வானவில் ட்ரவுட்டை இங்கே நிலைநிறுத்தி, பொரிப்பகத்தையும் அமைத்தார். நீண்ட சிமெண்டுத் தொட்டிகளில் ஓடைநீர் நிற்காமல் ஓடுகிறது. மீன்கள் எல்லாம் ஒரே பக்கம், நீர் வரும் பக்கம், தலையை வைத்து நிற்கின்றன. உடலில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி, விலாவில் இளஞ்சிவப்புக் கோடு.

இனப்பெருக்கக் காலத்தில் இங்கே முட்டை எடுப்பதைக் கையாலேயே செய்வார்கள். சினை மீனை ஈரத் துணியில் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல நீவினால் ஆரஞ்சு நிற முட்டைகள் வட்டிலில் கொட்டும். அதன்மேல் ஆண் மீனின் விந்தை விட்டு, இறகால் கலக்கி, கழுவி, தட்டுகளில் பரப்பி ஓடும் நீரில் வைப்பார்கள். சில வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும்.

வானவில் ட்ரவுட் பசிபிக் சால்மன் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் சொந்த ஊரான வட அமெரிக்காவில் இந்த இனத்திலும் கடலுக்குப் போய்த் திரும்பும் மீன்கள் உண்டு. ஆக, பவானியின் உச்சியில் சால்மனின் உறவு ஒன்று நூறாண்டுக்கும் மேலாக வாழ்கிறது. கீழே போக அதற்கு வழியில்லை, சமவெளியின் சூட்டை அது தாங்கவும் தாங்காது. உலகின் மோசமான 100 அயல் இனங்கள் பட்டியலிலும் இந்த மீன் இருக்கிறது. அழகான மீன்தான், இதற்காக உழைத்தவர்களின் பொறுமையும் பெரிது. அந்தப் பொறுமையில் கால்வாசியையாவது மாயாற்று மீனுக்குச் செலவிட்டிருக்கலாம் என்ற எண்ணம் தொட்டியோரம் நிற்கும்போது என்னைச் சும்மா விடவில்லை.

ஊட்டியிலிருந்து அவலாஞ்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்ப வேண்டும். காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போகலாம். ட்ரவுட் தூண்டிலுக்கு உதகை மீன்வளத்துறை அலுவலகத்தில் உரிமம் கேட்க வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஓடைகளில் தூண்டில் போட அனுமதியில்லை. ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய மீன் முதலில் கிடைத்த ஆற்றைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நீலகிரிக்கு ஏற வேண்டாம். அமராவதி அணைக்கு நீர் கொண்டுவரும் பாம்பாறு அது. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் போகும் பேருந்தில் சின்னார் சோதனைச் சாவடியைக் கடந்ததும் பள்ளத்தாக்கில் அது தெரியத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு போனால் தண்ணீர் நிறைய இருக்கும்.